மஞ்சள் கோடு வைத்த குமிழ்

எங்கள் வீட்டின் பின்சுவரை ஒட்டி ஒரு லேத் பட்டறை இயங்குகிறது. முற்பகலில் ஒரு முறையும் பிற்பகலில் ஒரு முறையும் தேநீருக்காக அங்கே எந்திரங்கள் நிற்கும். ஓசூரில் பகல் வேளையில் கிடைக்கக்கூடிய அமைதி அவ்வளவுதான். சென்ற ஆண்டின் இறுதியில் சில வாரங்கள் அந்தத் தேநீர் வேளைகளுக்காகவே நான் காத்திருந்தேன். கணினியைத் திறந்து, மின்கிட்டாரை மடியில் வைத்து, பட்டறையின் கடைசி எந்திரம் சுழன்று ஓயும் ஒலிக்குக் காது கொடுத்தபடி அமர்ந்திருப்பேன்.

என் மனைவி மெட்டமைத்த ஒரு பாட்டை எங்கள் மாதா கோயில் திருவிழாவுக்குள் பதிவு செய்து முடிக்க வேண்டியிருந்தது. தேர்ப் பவனியில் தேருக்கு முன்னால் செல்லும் ஒலிபெருக்கி வண்டியில் அதை ஒலிக்கச் செய்வதென்று பாடகர் குழு முடிவு செய்திருந்தது. அவள் மறைந்த பிறகு வரும் முதல் திருவிழா அது. மற்றவர்கள் எல்லாரும் தத்தம் பகுதியைக் கொடுத்துவிட்டார்கள். எஞ்சியிருந்தது கிட்டார்ப் பகுதி. அதை வாசிக்க வேண்டியவன் நான்.

எங்கள் குழுவில் பெரும்பாலோர் தொழிற்சாலைகளில் ஷிப்டில் வேலை செய்பவர்கள். முதல் ஷிப்டுக்காரர் ஓய்வாக இருக்கும்போது இரண்டாம் ஷிப்டுக்காரர் எந்திரத்தின் முன் நிற்பார்; இரவு ஷிப்டுக்காரர் கம்பெனிப் பேருந்துக்குக் கிளம்பிக்கொண்டிருப்பார். எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் நின்று பாடிப் பழகியதாக எனக்கு நினைவில்லை. குழுவை நடத்திய என் மனைவி இதை ஒரு குறையாகவே எண்ணவில்லை. ஒரே பாட்டை ஒவ்வொரு ஷிப்டுக்கும் தனித்தனியே சொல்லிக் கொடுப்பாள். கர்நாடக எல்லையை ஒட்டிய தளியிலிருந்து பேருந்தில் வரும் ஒருவர் தமிழ் வரிகளைக் கன்னட எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு பாடுவார். உச்சரிப்புக்கு அவரைத்தான் மற்றவர்களுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வாள். எனவே, ஒவ்வொருவரும் தம் வீட்டிலேயே பாடிப் பதிவு செய்து அனுப்ப, அவற்றை ஒரு கணினியில் ஒன்றுசேர்ப்பது என்ற ஏற்பாடு எங்களுக்குப் புதுமையாகத் தோன்றவில்லை. அவள் நெடுங்காலம் கையால் செய்துவந்ததை இப்போது கணினி செய்யப்போகிறது என்றே எடுத்துக்கொண்டோம்.

ஒன்றுசேர்க்கும் பொறுப்பைக் கீபோர்டு வாசிக்கும் பெண்மணி ஏற்றிருந்தார். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வேலைக்காக ஓசூருக்கு வந்து, ஒரு தொழிற்சாலையின் தரச் சோதனைப் பிரிவில் பணியாற்றுபவர். என் மனைவிக்குப் பின் குழுவை நடத்துபவரும் அவர்தான். கிட்டாரைக் கணினியோடு இணைப்பதற்கான சிறிய பெட்டி ஒன்றை எனக்கு இரவல் தந்திருந்தார். என் முதல் பதிவை அனுப்பிய அன்று மாலையே அழைத்தார்.

"சார், கிட்டார அனுப்புனீங்களா, இல்ல ஃபேன் ஓடுத சத்தத்த அனுப்புனீங்களா?"

"ரெண்டும்தாம்மா இருக்கு. நல்லாக் கேளுங்க."

"கேட்டேன் சார். ஃபேன்தான் நல்லா வாசிக்கி."

மின்விசிறியை நிறுத்திவிட்டு மறுபடி வாசித்தேன். பயனில்லை. கோளாறு விசிறியில் இல்லை, பதிவின் அளவில் இருந்தது.

கிட்டாரிலிருந்து வரும் மின் அலை மிகச் சிறியது. இரவல் பெட்டி அதைப் பெருக்கிக் கணினிக்குக் கொடுக்கிறது. எவ்வளவு பெருக்குவது என்பதைப் பெட்டியின் குமிழைத் திருகி நாமே முடிவு செய்ய வேண்டும். வாசிக்கும்போது திரையில் ஒரு பச்சைப் பட்டை ஒலிக்கேற்ப எழுந்து தாழும். அது மிகத் தாழ்வாக நின்றால், பிறகு ஒலியைக் கூட்டும்போது இசையோடு சேர்ந்து இரைச்சலும் கூடும். மிக உயர்ந்தால் பட்டையின் நுனி சிவக்கும். அலையின் உச்சி வெட்டுப்பட்டு ஒலி கரகரக்கும். அப்படி வெட்டுப்பட்டதை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. பாட்டிலேயே மிக ஓங்கி வாசிக்கும் இடத்தை வாசித்து, அங்கும் சிவப்பைத் தொடாமல், சற்று இடம் விட்டு நிற்குமாறு வைப்பதே சரியான அளவு.

இதில் எனக்குப் புரியாதது எதுவும் இல்லை. அளவியலில் முனைவர் பட்டம் பெற்று, ஒரு தொழிற்சாலையின் அளவீட்டு ஆய்வகத்தை ஓய்வு பெறும்வரை நடத்தியவன் நான். முள் ஆடும் அளவுகருவியில் முள் கீழ்க்கோடியில் கிடக்கும்போது எடுத்த அளவை நம்பாதீர்கள் என்று ஆண்டுதோறும் புதியவர்களுக்கு வகுப்பெடுத்திருக்கிறேன். ஆனால் என் திரையில் பட்டை கீழ்க்கோடியில்தான் கிடந்தது. பெட்டியின் குமிழை ஏறத்தாழ முழுவதும் திருகினேன். பட்டை எழுந்தது, கூடவே 'உம்' என்ற ரீங்காரமும் 'ஸ்' என்ற இரைச்சலும் எழுந்தன. மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பேட்டரியில் ஓட்டினேன். கிட்டாரின் கம்பிவடத்தை மாற்றினேன். வீட்டின் எர்த் இணைப்பைச் சோதித்தேன். திரையை விட்டுத் தள்ளி, சன்னல் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தேன். ஒவ்வொன்றாலும் சிறிது பயன் இருந்தது. எதுவும் போதவில்லை.

ரீங்காரத்தைக் கூட்டும் வெல்டிங் வேலை பட்டறையில் நடக்கும் நேரத்தைத் தெரிந்துகொண்டால் அதையும் தவிர்க்கலாம் என்று ஒரு நாள் பின்சுவரருகே சென்றேன். பட்டறை உரிமையாளர் வீட்டில் தெலுங்கும், ஆட்களிடம் கன்னடமும், என்னிடம் தமிழும் பேசுபவர். எந்த மொழியில் பேசினாலும் உரக்கத்தான் பேசுவார். எந்திரங்களோடு பழகிய குரல்.

"ஏமி சார், நாங்க டீ குடிக்கிறப்பதான் உங்களுக்கு பாட்டு வருதா?"

"நீங்க மெஷின் ஓட்டறப்ப வந்தா, மெஷின்தானங்க பாடுது."

"அப்ப மெஷினையும் பாட்டுல சேத்துக்குங்க சார். அதுக்கு சம்பளம் கேக்க மாட்டேன்."

பாட்டு யாருடையது என்று சொன்னேன். அவருடைய ஆட்களில் ஒருவர் கையில் உலோகத் துகள் ஏறினாலும் தீப்புண் பட்டாலும் முதலில் எங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். என் மனைவி செவிலியர்.

"சரி சார். நாளையிலிருந்து டீயோட போண்டாவும் வாங்கச் சொல்றேன். பசங்க கொஞ்சம் மெதுவா தின்னுவானுங்க. உங்களுக்கு டைம் கெடைக்கும்."

சொன்னபடியே செய்தார். மறுநாள் முதல் என் அமைதி ஒரு போண்டா அளவுக்கு நீண்டது. எண்ணெய் காயும் மணம் சன்னல் வழியே வரும்போதே நான் கிட்டாருக்குச் சுருதி சேர்க்கத் தொடங்கிவிடுவேன். அந்த நாட்களை இப்போது நினைத்தால், அவற்றை மகிழ்ச்சியான நாட்கள் என்று சொல்லத் தயக்கமில்லை. காலையில் எழுவதற்கு ஒரு காரணம் இருந்தது. தீர்க்கக்கூடிய ஒரு சிக்கல் கையில் இருந்தது.

ஆனால் சிக்கல் தீரவில்லை. இரண்டாவது பதிவைக் கேட்டுவிட்டுக் கீபோர்டுப் பெண்மணி மீண்டும் அழைத்தார்.

"சார், இப்பம் கிட்டார் கேக்கு. கூடவே டிரான்ஸ்பார்மரும் கேக்கு. தேருக்கு முன்னால டிரான்ஸ்பார்மர் போற மாதிரில்லா இருக்கும்?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"கோவிச்சுக்கிடாதீங்க சார். ஸ்பீக்கர் வண்டிக்காரரு வெள்ளிக்கிழமைக்குள்ள பாட்டக் கேக்காரு. அதுக்குள்ள சரியா வரலன்னா, அந்த எடத்த மட்டும் நான் கீபோர்டுல வாசிச்சிரட்டுமா?"

"ரெண்டு நாள் குடுங்க" என்றேன்.

'அந்த எடம்' என்று அவர் சொன்னது, இரண்டாம் சரணத்துக்கும் மூன்றாம் சரணத்துக்கும் இடையில் கிட்டார் மட்டும் தனித்து ஒலிக்கும் பகுதி. பாட்டை அமைத்த நாட்களில், இரவுப் பணி முடிந்து வந்து தூங்கி எழுந்து, தலை வாராமல் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அவள் அதை எனக்கு முணுமுணுத்துக் காட்டினாள். கடைத்தெரு முனையில் தேர் நின்று, சகடம் கிரீச்சிட, மெல்லத் திரும்புமே, அந்த நேரத்துக்கான இசை என்றாள்.

"ஏங்க, இந்த எடத்துல நாங்க யாரும் பாட மாட்டோம். நீங்க மட்டும்தான். பயந்துகினு வாசிக்காதீங்க. தேரு திரும்புற எடம் இது."

முதல் இரண்டு ஷிப்டுகளுக்கும் அந்தப் பாட்டைச் சொல்லிக் கொடுத்து முடித்தாள். இரவு ஷிப்டுக்குச் சொல்லிக் கொடுக்கும் முன் நோய் முந்திக்கொண்டது. மருத்துவமனைப் படுக்கையிலிருந்து கைப்பேசியில் பாடிக் காட்டித்தான் அவர்களுக்கு முடித்தாள். எல்லாரும் சேர்ந்து ஒருமுறைகூட அதைப் பாடியதில்லை. தேர்ப் பவனிதான் அதற்கு முதல் அரங்கு. கீபோர்டில் அந்த இடம் நன்றாகவே வந்திருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனாலும் அதை விட்டுக் கொடுக்க மனம் வரவில்லை.

மறுநாள் முற்பகல் தேநீர் வேளையில் அந்த இடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, கை வலிக்கும் அளவுக்கு ஓங்கி மீட்டினேன். பட்டை பாதி உயரம்கூட வரவில்லை. ஆய்வகத்தில் ஒரு கருவி தவறாகக் காட்டினால் முகப்பைப் பார்த்துக்கொண்டிருக்காதே, மூலத்திலிருந்து ஒவ்வோர் இணைப்பாக வா என்று சொல்வது என் வழக்கம். நானோ கணினியிலிருந்து தொடங்கி, பெட்டி, வடம் வரை வந்து நின்றுவிட்டேன். மூலம் என் மடியில் இருந்தது. குனிந்து பார்த்தேன். கிட்டாரின் ஒலிக்குமிழ் பாதிக்கும் கீழே நின்றது. குமிழின் மேலிருந்து, அது பொருத்தப்பட்ட தகட்டின் மேல்வரை ஒரு மஞ்சள் கோடு.

அந்தக் கோட்டை நான் தினமும் பார்த்திருக்கிறேன். ஓய்வு பெற்ற புதிதில் பிற்பகல்களில் சிறிய ஒலிபெருக்கியோடு கிட்டார் வாசிப்பேன். இரவுப் பணி முடித்து வந்தவள் அந்நேரம் படுக்கையறையில் தூங்கிக்கொண்டிருப்பாள். ஒரு நாள் கலைந்த தலையோடு வெளியே வந்தாள். நிறுத்தச் சொல்லத்தான் வருகிறாள் என்று கம்பிகள்மேல் கையை வைத்தேன்.

"நிறுத்தாதீங்க. நிறுத்துனா முழிப்பு வந்துடுது. கூட்டுனாலும் முழிப்பு வருது. இருங்க, நானே வெச்சுத் தர்றேன்."

குமிழைத் தானே பிடித்துக் குறைத்தாள். உள்ளே போய்ப் படுத்துக்கொண்டு, அங்கிருந்தே குரல் கொடுத்தாள். "இன்னும் கொஞ்சம் கொறைங்க... ஐயோ, அவ்ளோ இல்ல. ஆங், போதும். கைய எடுத்துடுங்க."

பிறகு எழுந்து வந்து, என் மேசையிலிருந்த மஞ்சள் பெயிண்ட் புட்டியை எடுத்தாள். ஆய்வகத்தில் ஒரு கருவியைச் சரியான அளவுக்குத் திருகி வைத்த பின், திருகாணியின் மீதும் கருவியின் உடல் மீதும் படும்படி ஒரு கோடு இழுத்துவிடுவோம். பின்னால் யாரேனும் திருகினால் கோடு உடைந்துவிடும். கை வைத்தது தெரிந்துவிடும். அப்படிக் கோடு உடைந்த கருவியை மறுபடி சோதிக்காமல் யாரும் பயன்படுத்தலாகாது. வீட்டில் இதைப் பற்றி நான் நிறையப் பேசியிருக்க வேண்டும்.

"இதையும் சீல் பண்ணிட்டேன். இல்லன்னா நாளைக்கே மறந்துடுவீங்க. அடுத்த காலிபிரேஷன் எப்போ சார்?"

"ஒரு வருஷம் கழிச்சு, மேடம்."

"அதுவரைக்கும் நான் தூங்கிக்கறேன்."

ஊசி போட்டுப் பழகிய கை. கோடு நேராக விழுந்தது. ஓராண்டு கழிந்தும் மறு சோதனை நடக்கவில்லை, தேவைப்படவில்லை. அதன் பிறகு அந்தக் குமிழ் எனக்குக் குமிழாகவே இல்லை. கிட்டாரின் மரத்தைப் போல, அசையாத ஒரு பகுதி ஆகிவிட்டது. கோயிலில் நான் வாசிப்பது கோயிலுக்குச் சொந்தமான வேறு கிட்டார். இது வீட்டைத் தாண்டியதே இல்லை. எனவே இதன் ஒலி குறைவு என்று சொல்ல யாரும் இருந்ததில்லை.

மூலத்தில் ஒலியைக் குறைத்துவிட்டுப் பெட்டியில் கூட்டினால், பெட்டி தன் சொந்த இரைச்சலையும் வடத்தில் புகுந்த ரீங்காரத்தையும் சேர்த்தே பெருக்கும். கிட்டாரில் முழுதும் திறந்து, பெட்டியில் குறைக்க வேண்டும். தீர்வு அவ்வளவுதான். கையை நீட்டித் திருக ஒரு நொடி ஆகும். நான் கிட்டாரை அதன் தாங்கியில் நிறுத்திவிட்டு எழுந்தேன். பின்னால் எந்திரங்கள் மீண்டும் ஓடத் தொடங்கின. அன்று பிற்பகல் தேநீர் வேளையை நான் பயன்படுத்தவில்லை. போண்டா வாங்கியதை வீணாக்கிவிட்டேனே என்ற உறுத்தல் மட்டும் இருந்தது.

மறுநாள் வியாழக்கிழமை. முற்பகலில் காப்பி போட்டுக் குடித்துவிட்டு வந்து அமர்ந்தேன். வாசிக்க உட்காரும் முன் படுக்கையறைக் கதவைச் சாத்துவது என் வழக்கம். அன்றும் சாத்தியிருந்தேன். எழுந்து சென்று அதைத் திறந்து வைத்தேன். பட்டறையில் எந்திரங்கள் ஓய்ந்தன. முதலில் பெட்டியின் குமிழைக் குறைத்தேன். பிறகு கிட்டாரின் குமிழைப் பிடித்துத் திருகினேன். சிறிது தயங்கிவிட்டு நகர்ந்தது. காய்ந்த பெயிண்டின் ஒரு துணுக்கு என் வேட்டியில் விழுந்தது.

தேர் திரும்பும் இடத்தை ஓங்கி வாசித்தேன். பட்டை சிவந்தது. பெட்டியில் குறைத்தேன். மீண்டும் வாசித்தேன், இன்னும் சிவப்பு. இன்னும் குறைத்தேன். மூன்றாவது முறை, இருப்பதிலேயே வலிமையான மீட்டலிலும் பட்டை பச்சையிலேயே நின்று, மேலே சற்று வெற்றிடம் விட்டது. கையை எடுத்ததும் ரீங்காரம் கேட்கிறதா என்று உற்றுக் கேட்டேன். மிகத் தொலைவில், இருப்பதும் இல்லாததுமாய் இருந்தது. இத்தனை காலம் அந்தக் கிட்டாரில் நான் கேட்டறியாத கூர்மையான ஒலிகள் கேட்டன. கம்பியில் விரல் நகர்ந்து செல்லும் ஒலி, நகம் படும் ஒலி. கிட்டாரில் அவை எப்போதும் இருந்தவைதான்.

பதிவுப் பொத்தானை அழுத்திப் பாட்டின் தொடக்கத்திலிருந்து வாசித்தேன். முதல் முறை இரண்டாம் சரணத்தில் பிசகிவிட்டது. மறுமுறை பிசகவில்லை. தேர் திரும்பும் இடத்தில் பயந்துகொண்டு வாசிக்கவில்லை. கடைசி ஒலி அடங்குவதற்குள் பட்டறையில் ஒரு லேத் முனகி எழுந்தது. அதையும் சேர்த்தே அனுப்பிவிட்டேன்.

மாலையில் அழைப்பு வந்தது.

"சார், இது நீங்கதானா?"

"ஏம்மா, ஃபேனக் காணோமேன்னு தேடறீங்களா?"

"லெவல் அம்சமா இருக்கு சார். என்ன மாத்துனீங்க?"

"கிட்டார்ல வால்யூம் கொறைவா இருந்துச்சு. கூட்டிட்டேன்."

"அவ்ளோதானா! இதுக்கா இத்தன நாளு? டாக்டர் பட்டமெல்லாம் வாங்கி என்ன சார் பிரயோஜனம்?"

"வெச்ச அளவுல கை வெக்கக் கூடாதுன்னு சொல்லித்தாம்மா பட்டமே குடுத்தாங்க."

அவர் சிரித்தார். பிறகு, சற்றுத் தணிந்த குரலில், "அக்கா கேட்டா சந்தோசப்பட்டிருப்பாங்க சார்" என்றார். ஆமாம் என்றேன். "முடிவுல ஏதோ மெஷின் சத்தம் வருது. வெட்டிரட்டுமா?"

"வெட்டிடுங்க."

திருவிழாவன்று தேர் எங்கள் தெருவுக்கு வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. பட்டறை உரிமையாளர் தம் ஆட்களோடு வாசலில் நின்று, தேருடன் வந்தவர்களுக்கு மோர் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒலிபெருக்கி வண்டி பாட்டைத் தொடங்கியது. அதில் பாடிய இரண்டாம் ஷிப்டுக்காரர்கள் அந்நேரம் வேலையில் இருந்தார்கள். இரவு ஷிப்டுக்காரர்கள் சிலர் பேருந்துக்குக் கிளம்பியிருந்தார்கள். குரல்கள் மட்டும் ஒன்றும் குறையாமல் சேர்ந்து வந்தன. தளிக்காரரின் 'ழ'கரம் தனியாகத் தெரிந்தது. தேர் கடைத்தெரு முனையை எட்டுவதற்குள் பாட்டு இரண்டாம் சரணத்தை முடித்துவிட்டது. ஆக, தேர் திரும்புவதற்கான இசை எங்கள் வீட்டு வாசலில்தான் ஒலித்தது. தேர் நேராகப் போய்க்கொண்டிருந்தது. அவள் இருந்திருந்தால் வண்டிக்காரரைப் பிடித்து உலுக்கியிருப்பாள்.

பட்டறை உரிமையாளர் காதருகே கையைக் குவித்துக் கடைசிவரை கேட்டார்.

"சார், நம்ம மெஷின் எங்க வருது?"

"வரலைங்க. வெட்டிட்டாங்க."

"அட, அத்தன போண்டாவும் வேஸ்ட்டா!" என்று சொல்லி என் கையில் ஒரு குவளை மோரைக் கொடுத்தார்.

இரவல் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கிட்டார் இருந்த இடத்திலேயே இருக்கிறது. கோட்டின் ஒரு பாதி குமிழிலும் மறுபாதி தகட்டிலும் நிற்கின்றன. மஞ்சள் புட்டி மேசைமேல்தான் இருக்கிறது. புதிய கோடு இழுக்கவில்லை. பிற்பகலில் வாசிக்க உட்காரும்போது, இரண்டு பாதிகளும் நேர்க்கோட்டில் வரும்வரை குமிழைத் திருப்பி வைத்து, அவள் வைத்துக் கொடுத்த அளவில் சற்று நேரம் வாசிக்கிறேன். அதன் பிறகு கூட்டிக்கொள்கிறேன்.